வேட்டி, துண்டு, கோவணம்

ஈரம் காயாத சட்டையோடு அணை ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். செருப்பு இரண்டும் சேற்றோடு போய்விட்டன. ஆடி மாதத்துக் காற்று புளியமரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பேன். யாரும் கூப்பிடவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. திண்டுக்கல்லில் தார்ப்பாய்க் கடை வைத்திருந்த ஒருவரிடம் ஐந்து மாதமாக இருந்தேன்; அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் பாய்ப்படகுகளைப் பார்த்து ஆசைப்பட்டவர். எங்கிருந்தோ ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். மூன்று பேர் உட்காரலாம். மலையடிவார அணையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்களை ஏற்றிச் சுற்றிக்காட்ட அனுமதி கேட்டு எழுதிப் போட்டிருந்தார். அனுமதி வந்தால் நான் படகோட்டி. கரையில் இருந்த தகரக் கொட்டகை எனக்கு. எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல ஒரு வருடம் நான் இருந்ததில்லை. இந்தக் கொட்டகையில் இருந்துவிடலாம் என்று தோன்றியது. சட்டை மாட்ட ஓர் ஆணிகூட அடித்துவிட்டேன்.

தூத்துக்குடிப் பக்கம் இரண்டு வருடம் பாய்ப்படகில் இருந்ததாகச் சொல்லித்தான் சேர்ந்தேன். அது பொய்யில்லை. ஆனால் அங்கே நான் தண்ணீர் இறைத்தேன், வலை இழுத்தேன். எந்தக் காற்றுக்கு எந்தப் பாய் என்று முடிவு செய்தது வேறு ஆள்.

படகின் நடுவில் நட்ட பாய்மரத்தின் பின்னால் ஒரு பெரிய பாய். மரத்துக்கும் படகின் மூக்குக்கும் நடுவில் கட்டுவது முன்பாய். காற்று கூடக் கூட முன்பாயைச் சின்னதாக மாற்ற வேண்டும். மூன்று முன்பாய்கள் வைத்திருந்தோம். கடைத் தையல்காரர் தைத்துக் கொடுத்தவை. பெரியது வெள்ளைத் துணி. அதற்கு வேட்டி என்று பெயர் வைத்தார் அண்ணன். நடுவில் உள்ளது துண்டு. மிச்சம் விழுந்த லாரித் தார்ப்பாயில் தைத்த, கையகலச் சின்னது கோவணம்.

பங்குனி, சித்திரையில் வேட்டியே போதுமானதாக இருந்தது. ஆனால் அனுமதிக்காகப் படகைப் பார்வையிட வேண்டிய அதிகாரி ஆடியில்தான் வந்தார்.

அன்று காலையில் அலை வெள்ளை வெள்ளையாக மடங்கியது. நான் கோவணத்தை எடுத்தேன்.

"என்னடா அது?" என்றார் அண்ணன்.

"காத்து ஜாஸ்தியா இருக்குண்ணே."

"அம்புட்டுப் பெரிய ஆபீசரு ஜீப்புல வாராரு. அவருக்குக் கோவணத்தையா கட்டிக் காட்டப்போற? ஊரே சிரிக்கும்டா."

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தப் பாய் பார்க்கவும் அசிங்கமாகத்தான் இருந்தது; ஒரு மூலையில் லாரி நம்பரின் பாதி அப்படியே தெரிந்தது. நாங்கள் நின்ற இடம் ஒரு கரட்டுக் குன்றின் மறைவு. அங்கே காற்று குறைவு. கடலில் காற்று ஒரு பக்கமாக, ஒரே சீராக வரும். இங்கே அது மலை இடுக்கு வழியாகப் புகுந்து மொத்தமாக வந்து விழும் என்பது எனக்குத் தெரியாது. துண்டைக் கட்டினேன். அவர் கட்டு என்று சொல்லவில்லை. நானாகத்தான் கட்டினேன்.

அதிகாரி பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஏறினார். "எனக்கு நீச்சல் தெரியாதுய்யா" என்றார். லாரி ட்யூப் ஒன்றை மடியில் கொடுத்தோம். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். அண்ணன் எதிரே உட்கார்ந்து குடும்பங்கள் வரும், ஊருக்கு நல்லது என்று பேசிக்கொண்டு வந்தார்.

கரட்டின் முனையைத் தாண்டியதும் காற்று அடித்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெரிய பாயைத் தளர்த்திவிட்டேன். அது படபடத்தது. ஆனால் முன்பாய் விடாமல் இழுத்தது. மூக்கு காற்றுக்கு எதிராகத் திரும்ப மறுத்தது. அதையும் தளர்த்த வேண்டும். அதன் கயிறு அதிகாரியின் தொடைக்கு அடியில் கிடந்தது.

ஒரு நொடி யோசித்தேன். அவரை எப்படி எழுந்திருக்கச் சொல்வது என்றுதான் யோசித்தேன்.

"சார், செத்த எந்திரிங்க" என்றேன்.

"எதுக்கு?" என்றார்.

அதற்குள் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. படகு கவிழ்ந்தது.

நெஞ்சளவு ஆழம்தான். அடியில் மூழ்கிக் கிடந்த கருவேல முள் காலைக் கிழித்தது. அதிகாரி ட்யூபோடு மிதந்தார், கண்ணாடி போய்விட்டது. அண்ணனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கரை சேர்த்தோம். அவர் திட்டவில்லை. ஜீப்பில் ஏறும்போது, "இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன், வேற யாரும் போடவும் விடமாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் கரையில் உட்கார்ந்து சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"கடல்ல இருந்தேன்னு சொன்னியேடா."

"இருந்தேண்ணே."

"அங்க என்னதான்டா செஞ்ச?"

"தண்ணி இறைச்சேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா நானாச்சும் கோவணத்தக் கட்டச் சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு, "போயிரு. என் கண்ணு முன்னாடி நிக்காத" என்றார்.

கொட்டகைக்குள் போய் மாற்றுச் சட்டையைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டேன்.

மெயின் ரோட்டில் தக்காளிப் பெட்டி ஏற்றிய லாரி ஒன்று நின்றது. அது ஒட்டன்சத்திரம் போனது, நானும் போனேன். மறுநாள் விடிந்ததும் மார்க்கெட்டில் ஒரு மண்டி வாசலில் நின்றேன்.

"ஏனுங்க, ஆளு வேணுங்களா?"

மேஸ்திரி என் கால்களைப் பார்த்தார். "மூட்டை தூக்கிப் பழக்கமுங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "இல்லீங்க. தெரியாதுங்க" என்றேன்.

தெரிந்தவனுக்குக் கொடுப்பதில் பாதிதான் கூலி என்றார். தலையில் போட்டுக்கொள்ள ஒரு கிழிந்த சாக்கைக் கொடுத்து, கேரளா லாரியைக் காட்டினார். முட்டைக்கோஸ். மூன்றாவது மூட்டையில் கழுத்து பிடித்துக்கொண்டது. அப்படியே தூக்கிக்கொண்டிருந்தேன்.