சத்தம் வராத பக்கம்

எங்கள் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வயதில் மூத்தவர்களுக்கு அவர் சொடக்கு. என்னைப் போன்றவர்களுக்குச் சொடக்கு அண்ணன். இரண்டு நாற்காலி போட்ட சலூன் அவருடையது. நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. கரண்ட் போனாலும் அவருக்குக் கத்திரி ஓடும், எனக்கு எதுவும் ஓடாது. அப்போதெல்லாம் அவர் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

முடி வெட்டுவதில் அவர் பெரிய சூரர் இல்லை. காதோரம் ஒரு பக்கம் கொஞ்சம் ஏறித்தான் நிற்கும். ஆட்கள் வந்தது கடைசி அரை நிமிடத்துக்காக. போர்த்திய துணியை உதறிவிட்டு, ஒரு கையைத் தாடையிலும் மறு கையைப் பின்மண்டையிலும் வைத்து, "மூச்சை விடுங்க" என்பார். விட்டு முடிப்பதற்குள் கழுத்தில் ஒரு சடக். மறுபக்கம் திருப்பி இன்னொரு சடக். வாரக்கணக்கில் சுமந்த ஏதோ ஒன்று இறங்கிய மாதிரி இருக்கும். நானே மாதம் தவறாமல் கழுத்தைக் கொடுத்தவன்.

அவருக்கென்று சில கட்டுப்பாடுகள் இருந்தன. சின்னப் பிள்ளைகளுக்குச் செய்ய மாட்டார். அறுபது தாண்டியவர்களுக்கும் குடித்துவிட்டு வந்தவர்களுக்கும் செய்ய மாட்டார். கழுத்தைத் தொட்டதும் ஆள் என்ன வேலை பார்க்கிறார் என்று சொல்வது அவருடைய விளையாட்டு. லாரி ஓட்டுகிறவர், கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர், மூட்டை தூக்குகிறவர் என்று பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். தன் தங்கைக்கு மாப்பிள்ளை பிடித்ததுகூட அப்படித்தான். முடி வெட்ட வந்த டைல்ஸ் மேஸ்திரியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, 'இது குடிக்காத கழுத்து' என்று முடிவு செய்து, அடுத்த வாரமே வீட்டுக்கு வரச் சொன்னாராம். தங்கை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இருபத்து மூன்று வருடத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஒன்றும் ஆகாததைத்தான் அவர் கைத்திறமை என்று நம்பினார். நாங்களும் அப்படியே நம்பினோம்.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். கரண்ட் இல்லை. நான் பெஞ்சில் இருந்தேன். மேஸ்திரி உள்ளே வந்தபோது வாசற்படியிலேயே ஏதோ வித்தியாசமாகப் பட்டது. என்னைப் பார்க்கத் தலையைத் திருப்பாமல் உடம்பு முழுவதையும் திருப்பினார்.

"என்ன மாப்ள, விறைச்சுக்கிட்டு வர்ற?" என்றார் சொடக்கு அண்ணன்.

"மூணு நாளா இப்படித்தான் மச்சான். லிஃப்ட் வேலை செய்யல, மூணாவது மாடிக்கு டைல்ஸ் பெட்டிய தோள்ல வச்சுத் தூக்கினேன். அப்பப் பிடிச்சது. இங்கேருந்து இங்க வரைக்கும் இழுக்குது." வலது காதுக்குப் பின்னாலிருந்து பிடரி வரை தடவிக் காட்டினார். "கீழ குனிஞ்சு ஒரு கல்லு பதிக்க முடியல. ஒரு சொடக்கு எடுத்து விடுங்க, போயிடுறேன்."

அண்ணன் அவரை உட்கார வைத்து விரலால் பிடரியை அழுத்திப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது கிண்டல் வரும். வரவில்லை. மறுபடியும் அழுத்தினார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"இது சுளுக்கு மாதிரி தெரியல மாப்ள. சுளுக்குன்னா உள்ள கயிறு மாதிரி ஒண்ணு உருளும். இதுல அப்படி எதுவும் இல்ல. ஒரு பக்கமா இறுகிக் கிடக்கு. டாக்டர்கிட்ட காட்டு."

"அட போங்க மச்சான். ஊரு உலகத்துக்கெல்லாம் எடுப்பீங்க, எனக்குன்னா டாக்டரா?"

அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "தங்கச்சி வீட்டுக்காரர்னு பயப்படுறீங்களா அண்ணே? ஒண்ணு போட்டு விடுங்க, மனுசன் வேலைக்குப் போகட்டும்" என்றேன். மூவருமே சிரித்தோம்.

அண்ணன் தாடையில் கை வைத்தார். "மூச்சை விடு." வலப்பக்கம் திருப்பினார். சடக். இடப்பக்கம் திருப்பினார். சத்தம் வரவில்லை. கையை எடுக்காமல், இன்னும் கொஞ்சம் அழுத்தி, வெடுக்கென்று மறுபடியும் திருப்பினார். அப்போதும் வரவில்லை.

"ஆஹா, போயே போச்சு" என்று மேஸ்திரி எழுந்து பெஞ்சுக்கு வந்தார். எனக்கு வாங்கிய டீயில் பாதியை அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்திருப்பார்.

"மச்சான், கண்ணாடி ஏன் சரியுது?"

சுவரில் கண்ணாடி எப்போதும் போலத்தான் இருந்தது.

"தரையும் சரியுது மச்சான்" என்றவர் பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். டம்ளர் விழுந்தது. அடுத்த நொடி வாந்தி. அது சாதாரணமாக வருகிற வாந்தி இல்லை. குமட்டல் எதுவும் இல்லாமல், குழாய் உடைந்த மாதிரி. நிற்கப் பார்த்தார், வலப்பக்கமாகச் சாய்ந்தார். தூக்கி நிறுத்தினால் மறுபடியும் வலப்பக்கம். இடையில் விக்கல் பிடித்துக்கொண்டது.

கடைக்கு வெளியே நான்கு பேர் கூடிவிட்டார்கள். வெயில் என்றார் ஒருவர். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பார் என்றார் இன்னொருவர். சோடா வந்தது. சொடக்கு அண்ணன் தன் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார். கையில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் மூன்று முறை நிறுத்த வேண்டியிருந்தது. தங்கை தையல் கம்பெனியிலிருந்து ஓடிவந்தாள். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றவில்லை.

அவசரப் பிரிவில் இருந்தவர் இளவயது டாக்டரம்மா. காய்ச்சல் உண்டா, கீழே விழுந்தாரா, இதற்கு முன் இப்படி வந்திருக்கிறதா என்று கேட்டார். டைல்ஸ் பெட்டி தூக்கியதை மட்டும் சொன்னோம். படுக்க வைத்துத் தலையைத் தூக்கித் தாடையை மார்பில் தொட வைக்கப் பார்த்தார். மேஸ்திரி கத்தினார். டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"கழுத்து விறைப்பும் வாந்தியும் சேர்ந்து வந்தா எங்களுக்கு ரெண்டு பயம்மா" என்று தங்கையிடம் சொன்னார். "ஒண்ணு மூளைக் காய்ச்சல். இன்னொண்ணு தலைக்குள்ள ரத்தக் கசிவு. காய்ச்சல் இல்ல. கசிவு இருக்கான்னு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்."

ஸ்கேன் எடுத்தார்கள். கசிவு இல்லை. அந்த ஒரு மணி நேரமும் சொடக்கு அண்ணன் சுவரோடு சுவராக நின்றிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் எதையாவது சொல்ல வேண்டியிருக்கும்.

டாக்டரம்மா திரும்பி வந்தபோது கொஞ்சம் தெம்பாக இருந்தார். "நல்ல வேளை, ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. கழுத்து, நீங்க சொன்ன மாதிரி பாரம் தூக்கினதால இருக்கும். தலைசுத்தல் காதுக் கோளாறா இருக்கலாம். ஊசி போட்டிருக்கு. குறைஞ்சா சாயந்தரம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

தங்கை நெஞ்சில் கை வைத்து அப்பாடா என்றாள். எனக்கும் மூச்சு வந்தது. காதுதான், நம்மால் இல்லை, யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை என்று மனம் கடகடவென்று கணக்குப் போட்டது. மறைக்காமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு மேஸ்திரியைவிட அந்தக் கணக்குதான் பெரிதாக இருந்தது.

சொடக்கு அண்ணன் கட்டிலுக்குப் போய்க் குனிந்து பார்த்தார். பதினைந்து வருடமாக வாரம் ஒருமுறை அவர் மழித்த முகம் அது. எந்த இடத்தில் முடி சுழித்து வளரும், எந்த மச்சத்தில் கத்தி தட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"வலது கண்ணு இமையப் பாருங்க. இறங்கியிருக்கு."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இறங்கியிருக்கு" என்றார். "காலையில இப்படி இல்ல. விக்கலும் நிக்கல."

நேராக டாக்டரம்மாவிடம் நடந்தார். தங்கை அங்கேதான் நின்றிருந்தாள். அவளைத் தனியே அனுப்பிவிட்டுப் பேசியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். நான் முடி வெட்டுறவன். இன்னிக்குக் காலையில இவரு கழுத்தத் திருப்பிச் சொடக்கு எடுத்தேன். எடுத்த அஞ்சாவது நிமிசம்தான் இதெல்லாம்."

எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் பேனா நின்றது. "எந்தப் பக்கம் திருப்பினீங்க?"

"ரெண்டு பக்கமும். இடப்பக்கம் திருப்பினப்போ சத்தம் வரல. ரெண்டாவது தடவையும் வெடுக்குன்னு திருப்பினேன். இப்ப வலது கண்ணு இமை இறங்கியிருக்கும்மா. எனக்கு அந்த முகம் தெரியும்."

டாக்டரம்மா கட்டிலுக்கு ஓடினார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். ஊசியால் முகத்தின் இரண்டு பக்கமும் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பிறகு யாருக்கோ போன் செய்தார். பத்து நிமிடத்தில் நரம்பு டாக்டர் வந்தார். சாயம் ஏற்றி, இந்த முறை கழுத்தின் ரத்தக்குழாய்களைப் படம் எடுத்தார்கள்.

தங்கை பெஞ்சில் உட்கார்ந்து அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். "நீயா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள். அழவில்லை, கத்தவில்லை.

"நான்தான்" என்றார்.

அவர் முடியாது என்று சொன்னதும், மேஸ்திரி பிடிவாதம் பிடித்ததும், நான் ஏற்றிவிட்டதும் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. நானும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

நரம்பு டாக்டர் ஒரு காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார். கழுத்தெலும்பின் ஓட்டைகளுக்குள் ஊசியில் நூல் கோர்த்த மாதிரி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரத்தக்குழாய்கள் மூளையின் பின்பகுதிக்குப் போகின்றன. வலப்பக்கக் குழாயின் உள்தோல் கிழிந்திருக்கிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, ஒரு துணுக்கு மேலே போய் அடைத்திருக்கிறது. முதல் ஸ்கேனில் இது தெரியாது. விழுங்குவதும் நிற்பதும் நடப்பதும் அந்தப் பின்பகுதியின் வேலை.

"என்னாலதானா சார்?" என்றார் சொடக்கு அண்ணன்.

"மூணு நாளா வலின்னா, பெட்டி தூக்கும்போதே லேசாக் கிழிஞ்சிருக்கலாம். அந்தக் கழுத்த நீங்க திருப்பினதுல அது விரிஞ்சிருக்கலாம். இல்ல, முழுக்க உங்களாலயே இருக்கலாம். எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா நீங்க வாயத் திறக்கலன்னா, இவர இன்னிக்கு வீட்டுக்கு அனுப்பியிருப்போம்." அத்தோடு நிறுத்திக்கொண்டு மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

மேஸ்திரி பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். முதல் எட்டு நாள் விக்கல் நிற்கவில்லை. தண்ணீர்கூடப் புரையேறியதால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி கொடுத்தார்கள். குரல் கரகரத்து, வேறு யாரோ உள்ளே இருந்து பேசுவது போல ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்த முதல் வாரம் வெந்நீர் வாளியில் இடது கையை விட்டு அப்படியே வைத்திருந்தார். தோல் சிவந்து கொப்பளித்ததைப் பார்த்துத் தங்கைதான் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். உடம்பின் இடப்பக்கத்துக்குச் சூடு தெரியவில்லை. முகத்திலோ வலப்பக்கம் மரத்துப் போயிருந்தது.

நடை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஆனால் தரை மட்டும் அவருக்கு மட்டமாகவே இல்லை. பழைய கம்பெனியில் இரண்டு நாள் முயன்று பார்த்தார். தாமே பதித்த வரிசை சாய்ந்திருப்பதாகப் பெயர்த்து எடுப்பார். ரசமட்டத்தை வைத்தால் குமிழ் சரியாக நடுவில் நிற்கும். மூன்றாம் நாள் போகவில்லை. இப்போது டைல்ஸ் விற்கும் கடையில் உட்கார்ந்து பில் போடுகிறார்.

சொடக்கு அண்ணன் இரண்டு வாரம் கடையைத் திறக்கவில்லை. திறந்த பிறகு யார் கழுத்தையும் தொடவில்லை. விவரம் தெரியாதவர்கள், "என்னண்ணே, கையில சரக்கு தீர்ந்துபோச்சா?" என்று சீண்டினார்கள். "ஆமா தம்பி, தீர்ந்துபோச்சு" என்பார். முக்கால்வாசிப் பேர் மெயின்ரோட்டில் புதிதாக வந்த சலூனுக்குப் போய்விட்டார்கள். அங்கே கழுத்தோடு முதுகும் சேர்த்து எடுத்துவிடுகிறார்களாம். அண்ணன் ஒருநாள் அங்கே போய் நடந்ததை எல்லாம் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க கைக்கு ராசி போயிடுச்சுன்னு என் பொழப்பக் கெடுக்காதீங்க" என்றாராம். இவர் படியிறங்குவதற்குள் பின்னால் ஒரு சடக் கேட்டதாம்.

ஏழு மாதம் தங்கை அவரோடு பேசவில்லை. மேஸ்திரி போன் செய்வார். அவள் பேசமாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளே கூப்பிட்டாள். அண்ணன் போனை என் முன்னால்தான் எடுத்தார்.

"அவருக்குத் தாடி மழிக்கணும். வலது பக்கம் வெட்டுப்பட்டா அவருக்குத் தெரிய மாட்டேங்குது. ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற மாத்திரையால, வெட்டினா ரத்தம் நிக்கவும் மாட்டேங்குது. வேற யார்கிட்டயும் உட்கார மாட்டேங்கிறார். வர்றதுன்னா வா."

இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போகிறார். ஜன்னலோரம் நாற்காலி போட்டு, மேஸ்திரி கண்ணை மூடி முகத்தைக் கொடுக்கிறார். ஏதாவது சொல்லிச் சிரிக்கிறார். தங்கை கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நிற்கிறாள். தாடையைத் தூக்கிப் பிடிக்க அண்ணன் கையைக் கொண்டுபோகும்போதெல்லாம் அவள் ஓர் அடி முன்னே வந்துவிடுகிறாளாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் மனக்குறையே இல்லை.

"அவ நிக்கட்டும்" என்றார் என்னிடம். "அவ பார்த்துக்கிட்டு இருந்தாத்தான் எனக்கும் கை ஓடுது."