பொயிலருக்குக் காவல் இருந்தவன்

கலியாண வீடுகளில் மைக் கையில் கிடைத்தால் சனத்தைச் சிரிக்க வைக்காமல் இறங்கமாட்டேன் என்று ஸ்காபரோவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. ஒருமுறை செத்தவீட்டிலும் அப்படி ஆகிவிட்டது, அதை விடுவோம். அப்பேர்ப்பட்ட வாய், எங்கள் வீட்டுப் புது பொயிலரை முதன்முதலாக மூட்டிய அன்று மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது.

எங்கள் தெருவில் மற்ற வீடுகளுக்குச் சூடு காற்றாக வருகிறது. எங்களுடையது பழைய செங்கல் வீடு. பேஸ்மென்ற்றில் இருக்கும் பொயிலர் காஸில் தண்ணீரைச் சூடாக்கி, அறைக்கு அறை நிற்கும் இரும்பு ரேடியேட்டர்களுக்கு அனுப்பும். பழைய பொயிலர் இருமத் தொடங்கியதும் அஜக்ஸிலிருந்து ஒரு காஸ்காரத் தம்பியைக் கூப்பிட்டேன். வந்தார், காஸ் அளக்கிற ஒரு மீற்றரை நீட்டினார், முகம் மாறிப்போனது. காஸைப் பூட்டிவிட்டுப் பொயிலரின் கழுத்தில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டினார். இனி அதை யாரும் மூட்டக்கூடாது என்று அர்த்தம்.

“வீட்டில ஆராவது தலையிடிக்குது எண்டு சொன்னவையோ, அண்ணை?”

“மனிசி சொல்லுறவ. நான் அது என்னாலை எண்டெல்லோ இருந்தன்.”

அவர் சிரிக்கவில்லை. கார்பன் மொனொக்சைட் என்றார். மணமில்லை, நிறமில்லை, நித்திரையில் பிடித்தால் எழும்பவே விடாது என்றார். அவர் போன பிறகு வீட்டில் இருந்த ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, ஜனவரிக் குளிரில் சோபாவில் குந்தியிருந்தேன்.

ஊரில் சண்டைக்காலத்தில் ஷெல் விழ விழப் பங்கர்க் குழிக்குள் இருந்து சீட்டுக் கடதாசி விளையாடினேன் என்று இத்தனை வருடமாக அளந்துகொண்டு வருகிறவன் நான். மனைவி அதைத்தான் பிடித்துக்கொண்டாள். ஷெல்லுக்குச் சிரித்த மனிதர் அடுப்புக்குச் சாகிறார் என்று தன் தங்கைக்குப் போன் எடுத்துச் சொன்னாள். ஷெல் கூவிக்கொண்டு வரும் என்று நான் விளக்கினேன். இது செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருகிற சாமான்.

தனியாக இருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. முதற்பிள்ளை என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்களிடம் வருவதாக ஏற்பாடு. மருமகனுக்கு மிசிசாகாவில் எயர்போட் வேலை, நேரகாலம் இல்லாத ஷிஃப்ட். என் முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு சீவன், நான் மூட்டப்போகும் நெருப்புக்கு மேலே நித்திரை கொள்ளப்போகிறது. குளிர விடவும் முடியாது. சூடாக்கவும் பயம்.

அதே காஸ்காரத் தம்பி கொண்டுவந்து பொருத்திய புது பொயிலர் சுவரில் வெள்ளை அலுமாரி மாதிரித் தொங்கியது. தம்பி அதை உடனே மூட்டிவிடவில்லை. முதலில் தண்ணீர் நிரப்பினார். ஒவ்வொரு ரேடியேட்டரின் காதிலும் சாவி மாதிரி ஒரு குட்டித் திறப்பைப் போட்டுத் திருகி, உள்ளே அடைபட்ட காற்றை விட்டார். சீறல் நின்று தண்ணீர் சொட்டும் வரைக்கும் நான் கோப்பை பிடித்தேன். பிறகு காஸ் குழாயின் மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசினார். குமிழி கிளம்பினால் அங்கே ஒழுக்கு. ஒன்றும் கிளம்பவில்லை. நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து ஒரு குமிழியைக் கண்டுபிடித்தேன். நீங்கள் மூச்சு விடுவதை நிறுத்தினால் அது ஆடாது, அண்ணை என்றார்.

வெளியே போய், பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு வெள்ளைக் குழாய்களைச் சுற்றிப் பனியை வழித்தோம். ஒன்று மூச்சை இழுக்கும், மற்றது புகையை விடும். இதை மூடிப் பனி கொட்டினால் முதலில் இதைத்தான் வழிக்கவேண்டும், கார் பிறகு என்று சொல்லித் தந்தார்.

அதன் பிறகுதான் சுவிச்சைப் போட்டார். உள்ளே ஃபான் சுற்றியது. டிக் டிக் டிக் என்றது. நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது.

“அண்ணை, எங்கை போறியள்?”

நான் அப்போது படியில் பாதி தூரம் ஏறிவிட்டிருந்தேன். “ரீ போட,” என்றேன்.

புதுக் குழாய்க்குள் காற்று நிற்கிறது, காஸ் வந்து சேரவில்லை, அவ்வளவுதான் என்றார். உடனே திரும்பச் சுவிச்சை அமத்தவும் இல்லை. ஃபான் தன்பாட்டில் உள்ளே இருந்ததை எல்லாம் ஊதித் தள்ளட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்று, 401 நெடுஞ்சாலையில் தான் பட்ட பாட்டைச் சொன்னார். ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை. அடுத்த தடவை டிக் டிக் என்றது, பிறகு யாரோ பக்கத்தில் பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு ‘உஃப்’. சின்னக் கண்ணாடி ஓட்டைக்குள் நீலமாக எரிந்தது. புகைக்குழாய்க்குள் மீற்றரைச் செருகிப் பார்த்துத் தலையாட்டினார். நான் இன்னொருக்கால் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்.

போகும்போது பேஸ்மென்ற் படியின் உச்சியில் இருந்த சிவப்புச் சுவிச்சைக் காட்டினார்.

“சந்தேகம் எண்டால் இதை நிப்பாட்டுங்கோ. எல்லாரையும் வெளியில கொண்டு போங்கோ. போன் அதுக்குப் பிறகு. யோசிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ.”

அன்றே கடைக்குப் போய்க் கார்பன் மொனொக்சைட் அலாரங்கள் வாங்கினேன். ஒவ்வொரு மாடிக்கும் ஒன்று போதும் என்று கடைக்காரப் பெடிச்சி சொன்னாள். நான் கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் அள்ளினேன். மனைவி பார்த்துச் சிரித்த சிரிப்பில், கடைசி ஒன்றை அவளுக்குத் தெரியாமல் தொட்டிலுக்குப் பின்னால் செருகிவிட்டேன். அதே அறை ஜன்னலுக்குக் குளிர்காற்று வராமல் பிளாஸ்ரிக் தாள் இழுத்து ஒட்டி, விளிம்பெல்லாம் ஒட்டுநாடா போட்டதும் நான்தான்.

பிள்ளை வந்தது. வீடு கதகதப்பாக இருந்தது. நான் பேஸ்மென்ற்றில் ஒரு கதிரையைப் போட்டுப் பொயிலருக்கு முன்னால் உட்கார்ந்தேன். ‘உஃப்’ என்று மூளும்போதெல்லாம் எனக்கும் ஒருக்கால் மூச்சு நின்று வந்தது. மகள் எட்டிப் பார்த்து, “அப்பா, அது ஓடிப்போகாது,” என்றாள். அது ஓடாது, ஓடப்போவது நான்தான் என்றேன்.

மறுநாள் காலை மேலே மகளுக்கும் பிள்ளைக்கும் முழுக வார்த்தார்கள். எனக்குக் கதிரையில் இலேசாகக் கண் சொக்கியது. அப்போதுதான் மேலே அலாரம் அலறத் தொடங்கியது. நான்கு தரம் கீச்சிட்டு, ஒரு இடைவெளி விட்டு, திரும்ப நான்கு தரம்.

பொயிலரைப் பார்த்தேன். அது அமைதியாக நின்றது. அந்த அமைதிதான் என்னைக் கலக்கியது. இரண்டு கால்களும் தங்கள் பாட்டில் படியேறின. சிவப்புச் சுவிச்சை அடித்து நிறுத்தினேன். பிள்ளையின் அறைக்கதவு சாத்தியிருந்தது. தள்ளினால் கீழ் இடுக்கில் ஏதோ துவாய் அடைபட்டு இறுகியது. தோளால் இடித்தேன். உள்ளே புகைமூட்டத்துக்குள் மகள் ஈரத் தலையோடு நின்றாள், மனைவியின் மடியில் பிள்ளை. ஏனப்பா என்று மனைவி வாயைத் திறந்தாள். வெளியில என்று கத்தினேன். அது என் குரல் மாதிரியே இல்லை. பிள்ளையைப் போர்வையோடு வாரிக்கொண்டு ஓடினேன்.

டிரைவ்வேயில் நின்ற காருக்குள் எல்லோரையும் அடைத்தேன். 911க்குப் போன் எடுத்தேன். அதற்குப் பிறகுதான் நான் இடுப்பில் கட்டிய சாரத்தோடும், மனைவியின் ரோஸ் நிறப் பனிச்சப்பாத்தோடும் தெருவில் நிற்பது தெரிந்தது. முன்வீட்டுச் சீனத்து அங்கிள் பனி வழிப்பதை நிறுத்திவிட்டு மரியாதைக்கு மறுபக்கம் பார்த்தார். காருக்குள் குனிந்து, போர்வையை விலக்கிப் பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்தேன். என் விரல் விறைத்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. பிறகு பிள்ளை கொட்டாவி விட்டது.

தீயணைப்பு வண்டி வந்தது. அம்புலன்ஸும் வந்தது. அம்புலன்ஸ்காரர் எங்கள் விரல்களிலும் பிள்ளையின் காலிலும் ஏதோ கொளுவிப் பார்த்தார்கள். நேரத்தோடு வெளியே வந்துவிட்டீர்கள், பயப்பட ஒன்றுமில்லை, சோர்வோ தலையிடியோ கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார்கள். முகமூடியோடு உள்ளே போன தீயணைப்புக்காரர்களின் தலைவி, பெரிய உடம்புக்காரி, வெளியே வந்தபோது கையில் ஒரு சாமான் இருந்தது. குப்பை வாளியில் செத்த எலியை எடுத்துப் போடுவதுபோல உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள். எங்கள் வீட்டுத் தூபக்கால். உள்ளே சிரட்டைக்கரி இன்னும் சிவந்துகொண்டிருந்தது. பனிக்குள் வைத்தாள். ‘ஸ்ஸ்’ என்றது.

பொயிலரில் ஒரு பிழையும் இல்லையாம். பக்கத்திலும் குழாயிலும் வைத்துப் பார்த்தார்களாம், பூச்சியம். பிள்ளையின் அறைக்குள் போகத்தான் மீற்றர் ஏறத் தொடங்கியதாம். அலறியதும் நான் தொட்டிலுக்குப் பின்னால் செருகிய அலாரம்தானாம். பூட்டிய அறைக்குள் கரி எரிந்தால் அதே காஸ்தான் வரும் என்று மகளுக்கு மெதுவாகச் சொன்னாள். புகை அலாரம் ஏன் அடிக்கவில்லை என்றும் கேட்டாள். அதன் மேல் ஏதோ தொப்பி போட்டிருக்கிறதே?

அந்தத் தொப்பியை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் சாமிப்படத்துக்குத் தூபம் காட்டும்போது அலாரம் குழறாமல் இருக்க மனைவி அதற்கு மாட்டிவிடும் குளிக்கிற பிளாஸ்ரிக் தொப்பி, பூப்போட்டது. அன்று மகளின் தலைமயிருக்கும் பிள்ளைக்கும் சாம்பிராணி பிடிக்க, அடுப்பில் கரியை மூட்டிக்கொண்டு வந்து, தொப்பியை மாட்டி, பிள்ளைக்குக் காற்றுப் படக்கூடாதென்று கதவைச் சாத்தித் துவாயும் அடைத்திருக்கிறாள். ஜன்னலை நான் ஏற்கெனவே அடைத்துவிட்டேன். இருவரும் சேர்ந்து அந்த அறையை எவ்வளவு கவனமாக மூடியிருக்கிறோம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் நாள் முழுக்க வேறு நெருப்புக்கெல்லோ காவல் இருந்தேன். வாழ்நாள் முழுக்கச் சொல்லக்கூடிய பகிடி, தட்டில் வைத்துத் தந்த மாதிரி. வாயைத் திறந்துகொண்டு மனைவியைப் பார்த்தேன். அவள் கார்ச் சீற்றில், பனிக்குள் கறுத்துக் கிடந்த தூபக்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

ஜன்னல்களைத் திறந்து வீட்டை நன்றாக ஊதிவிட்டு, மீற்றர் இறங்கிய பிறகுதான் எங்களை உள்ளே விட்டார்கள். வீடு விறைத்துப்போயிருந்தது. பொயிலரைத் தாராளமாகப் போடலாம் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனாள். நான் சிவப்புச் சுவிச்சுக்கு முன்னால் போய் நின்றேன். பாவம், அது ஒரு குற்றமும் செய்யவில்லை. தெரிந்தும் கை போகவில்லை. மகள் பிள்ளையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு சமையலறையில் காத்திருந்தாள்.

மனைவி வந்து பக்கத்தில் நின்றாள்.

“நான் போடட்டோ?”

“வேண்டாம். நீர் மேலை போய் அந்தத் தொப்பியைக் கழட்டும்.”

“எனக்கு எட்டாது. கதிரை கீழையெல்லோ, உங்கட பொயிலருக்கு முன்னால.”

அந்தக் கதிரையை எடுக்க வேண்டுமென்றாலும் நான்தான் கீழே இறங்கவேண்டும். சுவிச்சைப் போட்டுவிட்டு இறங்கினேன். ஃபான். டிக் டிக் டிக். ‘உஃப்’. கதிரையோடு நின்று நீலத்தைப் பார்த்தேன். மேலே போய் அலாரத்திலிருந்து தொப்பியைக் கழற்றி, வேறு எங்கே வைப்பதென்று தெரியாமல் என் தலையில் போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ரேடியேட்டருக்குள் தண்ணீர் சூடேறிக் கடகடத்தது.

“கழட்டுங்கோ,” என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “உது என்ரை.”