சட்டையில்லாத படம்

மாட்டுச் சாணி எனக்கு அருவருப்பு கிடையாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அள்ளுகிறேன். கோமியமும் அப்படித்தான். எனக்குக் குமட்டியது எப்போது என்றால், எங்கள் நிலத்துக்காரர் வயலுக்கு உரமாக ஊற்றும் சாணிக் கரைசலில் விரலை விட்டு முகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "ஆஹா, இதாம்மா மண்ணோட வாசனை" என்றபோதுதான். அந்தக் கரைசலைத் தினமும் கிளறியது நான். அவர் விரலைக் கழுவ பாட்டில் தண்ணீர் ஊற்றியதும் நான்.

திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் அவருக்கு நான்கு ஏக்கர் இருக்கிறது. என் மாமனார் காலத்திலிருந்து நாங்கள்தான் அதைக் குத்தகைக்குப் பயிர் செய்கிறோம். எழுத்தில் எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். எழுதிக் கொடுத்தால் நிலத்தை விட்டு நகரமாட்டோம் என்று அவர்களுக்குப் பயம். அதனால் பயிர் மூழ்கி அழுகினால் நிவாரணம் பட்டாக்காரருக்குப் போகும், நாற்றம் எங்களுக்கு வரும். விளைந்தாலும் விளையாவிட்டாலும் அவருடைய மூட்டைகளை அளந்தாக வேண்டும். மிச்சம் எதுவோ அதுதான் நாங்கள் வருஷம் முழுக்கச் சாப்பிடும் சோறு.

அவர் சென்னையில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வந்த பிறகுதான் அவருக்கு மண்மேல் பாசம் வந்தது. ஆடி மாதம் காரில் வந்து இறங்கினார். இனி நம் நிலத்தில் பூச்சிமருந்து கிடையாது, உப்பு உரம் கிடையாது, அந்தக் காலத்து மாப்பிள்ளை சம்பா நெல்தான் என்றார். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"சார், அது ஆளு உசரம் வளருங்க. நம்ம வயலு பள்ளம். கார்த்திகை மழைக்கும் காத்துக்கும் நிக்காதுங்க. பொன்மணி மாதிரி குட்டை நெல்லு போட்டா தாங்கும்."

"நம்ம முன்னோர்கள் என்ன முட்டாளா? நம்பிக்கையோட பண்ணுங்க. நான் இருக்கேன்ல."

அவருடைய முன்னோர்கள் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றவர்கள். சேற்றில் நின்றவர்கள் எங்களுடையவர்கள். அதைச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. வேண்டாமென்று சொன்னால் நிலம் வேறு கைக்குப் போய்விடும். விழுங்கிக்கொண்டேன்.

பயிர் நன்றாகத்தான் வந்தது, பொய் சொல்லக் கூடாது. என் தோளுக்கு மேல் நின்றது. அவர் வாரம் ஒருமுறை போனில் கூப்பிட்டு, வயலைச் சுற்றிக் காட்டச் சொல்லி, தன் அடுக்குமாடிக்காரர்களுக்கு அனுப்புவார். அவர்களெல்லாம் இப்போதே அரிசிக்குச் சொல்லி வைத்துவிட்டார்களாம். "உங்களுக்கு எவ்ளோ புண்ணியம் தெரியுமா?" என்பார் என் வீட்டுக்காரரிடம். புண்ணியத்தைப் பொங்கித் தின்ன முடியாது என்று நான் பின்னாலிருந்து முணுமுணுப்பேன்.

கார்த்திகையில் மழை பிடித்தது. பால் கட்டி முற்றிய கதிர் பாரம் தாங்காமல் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தால் வயல் முழுக்கப் பாய் விரித்த மாதிரி கிடக்கிறது, மேலே தண்ணீர். வடிகாலும் நிறைந்து நின்றதால் நீர் இறங்க வழியில்லை. நெல் கதிரிலேயே முளைவிட்டது. கையில் அள்ளினால் வழவழவென்று வழுக்கியது. அந்தப் புளித்த நாற்றம் என் புடவையில் ஏறி, துவைத்தும் போகவில்லை. பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அறுவடை மெஷின்காரர் வந்து பார்த்துவிட்டு, படுத்த பயிரில் இறக்க முடியாது என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். ரோட்டோரம் இருந்த மேட்டு வயல் மட்டும் நின்றது. நான்கு ஏக்கரில் அது அரை ஏக்கர்தான் இருக்கும்.

அந்த அரை ஏக்கர்தான் எங்களுக்கு அந்த வருஷச் சோறு. இந்த ஒரு தடவை குத்தகையை விட்டுக்கொடுத்து, மேட்டு நெல்லை எங்களுக்கே விட்டுவிடச் சொல்லி என் வீட்டுக்காரர் போனில் கேட்டார். நிலத்துக்காரரின் யோசனையோ விதையோ தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, எல்லாப் பழியையும் மழை மேல் போட்டார். அந்தப் பக்கம் ரொம்பக் கனிவாகப் பதில் வந்தது: "கவலைப்படாதீங்க, நேர்ல வர்றேன். முதல்ல அறுப்பு வீடியோ ஒண்ணு எடுத்துடுவோம். அப்பறம் உக்காந்து பேசிக்கலாம்."

மார்கழியில் வந்தார். தலையில் பச்சைத் துண்டு கட்டியிருந்தார், கட்டத் தெரியாமல் காதை மூடியிருந்தது. கூடவே படம் பிடிக்க ஒருவர். படுத்து அழுகிக் கிடந்த பக்கம் கேமராவைத் திருப்பவே இல்லை. மேட்டு வயல் முன்னால் நின்று, அரிவாளைக் கத்திரிக்காய் நறுக்குகிற மாதிரி பிடித்துக்கொண்டு, "ஒரு விவசாயியா இன்னைக்கு எனக்குப் பெருமையான நாள்" என்று பேசினார். அறுப்புக்கு வந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

அடுத்து என் வீட்டுக்காரரை நிற்க வைத்தார்கள். படம் எடுக்கிறார்கள் என்பதற்காக, தேய்த்த நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார் பாவம். நிலத்துக்காரர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"சட்டையக் கழட்டிட்டு நில்லுங்களேன். அப்பதான் இயல்பா இருக்கும்."

என் மாமனார், இந்த மனுஷனுடைய அப்பாவின் வீட்டு வாசலில் சட்டை போடாமல், துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர். செருப்பைத் தெருமுனையிலேயே விட்டுவிட வேண்டும். அங்கே அதட்டிக் கழற்ற வைத்தார்கள். இங்கே 'ங்க' போட்டு, சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் பொறுக்க முடியாமல் முன்னே போனேன். "நெல்லு சுணை உடம்பெல்லாம் அரிக்குங்க. சட்டையில்லாம யாரும் அறுப்பு அறுக்க மாட்டாங்க. சட்டையோட நிக்கிறதுதாங்க இயல்பு."

"பாருங்க, அம்மாவுக்குக் கோவம் வருது" என்று அவர் கேமராக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டு நிமிஷம்தாம்மா."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நீ சும்மா இரு, இன்னும் நெல்லைப் பற்றிப் பேசவில்லை என்கிற பார்வை. பிறகு பொத்தான்களைக் கழற்றினார். ஊர்ப் பெண்கள் முன்னால், நடுவயலில், எலும்பு எண்ணுகிற மாதிரியான மார்போடு நின்றார். சட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். கேமராக்காரர் வந்து அதையும் வாங்கிக்கொண்டார். கையில் ஒரு கதிர்க்கட்டைக் கொடுத்தார்கள். "கொஞ்சம் சிரிங்க." சிரித்தார். பல் முழுக்கத் தெரியும்படி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குக் கூசியது. யார்மேல் கோபப்படுவதென்று தெரியாமல் வரப்பில் காறித் துப்பினேன்.

அறுத்து, அடித்து, தூற்றி மூட்டை கட்டி முடிந்ததும் டெம்போ வந்தது. "சொல்லி வெச்சவங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்று எல்லா மூட்டையையும் ஏற்றச் சொன்னார். "கீழ கிடக்கறத நீங்க எடுத்துக்கங்க. மாட்டுக்காவது ஆகும்." அதை மாடும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டதை அவர் எங்கே கண்டார்?

நான் டெம்போவில் ஏறி, கையில் அகப்பட்ட ஒரு மூட்டையைக் கீழே உருட்டிவிட்டேன். "இது எங்களுக்குங்க" என்றேன். நிலத்துக்காரர் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தார், அவ்வளவுதான். இவர் குனிந்து, அந்த மூட்டையை முதுகில் வாங்கி, மறுபடி வண்டியில் ஏற்றினார். "அடுத்த வருஷமும் நமக்கு நெலம் வேணாமா?" என்று என் காதருகே சொன்னார். கேமராக்காரர் வாங்கிய சட்டை இன்னும் திரும்பி வரவில்லை, அவர் முதுகு முழுக்கச் சுணை குத்திச் சிவந்து தடித்திருந்தது.

பொங்கலுக்கு முன்னால் கும்பகோணத்திலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு பாக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். நிலத்துக்காரரின் அன்பளிப்பாம், ஒரு கிலோ புத்தரிசி. பாக்கெட்டின் மேல் என் புருஷன், வெறும் மார்போடு, பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தார். எங்கள் வீட்டில் அந்தப் பொங்கலுக்கு வேறு புத்தரிசி இல்லை. வேறு வழியில்லாமல் அதையே பானையில் போட்டேன். வேகவே மாட்டேன் என்றது. வெந்த பிறகு, வயிறு எரிய எரியச் சொல்கிறேன், ருசியாகத்தான் இருந்தது. உறையை என்ன செய்வதென்று தெரியவில்லை. புருஷன் படத்தை அடுப்பில் வைக்க முடியுமா, குப்பையில்தான் போட முடியுமா? காலி நெல் டிரம்முக்குள் கிடக்கிறது.

பொங்கல் பொங்கி, சூரியனைக் கும்பிடத் தெருவில் ஆண்கள் எல்லாம் வேட்டியும் வெற்றுடம்புமாக நின்றார்கள். இவர் மட்டும் சட்டையோடு நின்றார், கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு. அந்த அறுப்பு நாளிலிருந்தே அப்படித்தான். வாய்க்காலில் குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. சித்திரை வெயிலில், கரண்ட் போன வீட்டுக்குள், சட்டை வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. முதுகில் எண்ணெய் தடவிவிடுகிறேன், கழற்றுங்கள் என்றேன். "வேணாம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.