அண்ணிக்காக அண்ணன் குளிரவைத்த வீடு

இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் பணிவான வணக்கம். எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. உங்களில் பலர் அவரைப் பேருந்தில் பார்த்துப் பழகியவர்கள். இன்னும் சிலர், உங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து எதையோ தடவிப் பார்த்துக்கொண்டிருந்த மனிதராக அவரை நினைவில் வைத்திருப்பீர்கள். பேருந்தில் டிக்கெட் கொடுத்தவர் எதற்காக ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போனார் என்பதை முழுதாக அறிந்தவர்கள் எங்கள் குடும்பத்திலேயே குறைவு. அதைச் சொல்லாமல் அண்ணனைப் பற்றி எழுத முடியாது.

கீரப்பாளையத்துக்கு அருகே ஒரு சிற்றூரில், நெல் பயிரிடும் குடும்பத்தில் மூத்த பிள்ளையாக அண்ணன் பிறந்தார். நான் கடைக்குட்டி. எனக்கு விவரம் தெரியும் முன்பே அப்பா காலமாகிவிட்டார். அண்ணன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, காட்டுமன்னார்கோயிலுக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஓடிய தனியார் பேருந்து ஒன்றில் கிளீனராகச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் நடத்துநரானார். எங்கள் படிப்பும் திருமணங்களும் அந்தப் பேருந்தின் படிக்கட்டில் நின்றபடியே அவர் நடத்தி முடித்தவை. யார் எந்த நிறுத்தத்தில் இறங்குவார் என்று கேட்காமலே விசில் கொடுப்பார். கைக்குழந்தையோடு ஏறும் பெண்களுக்கு இடம் பிடித்துக் கொடுக்காமல் வண்டியை நகரவிட மாட்டார்.

அண்ணிக்குப் பிறந்த ஊர் திருவதிகை. அண்ணனுக்குப் பேச்சு ஜாஸ்தி, அண்ணி வாயே திறக்க மாட்டார் என்று பெண் பார்த்த அன்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணி கொஞ்சமாகப் பேசி அண்ணனை மடக்குகிறவர் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்களுக்கு ஒரே மகன். அவன் படித்து முடித்து ஓசூரில் வேலைக்குப் போன பிறகு, சிதம்பரத்தின் ஓரத்தில் அண்ணன் ஒரு சிறிய மாடியில்லா வீடு வாங்கினார். மேலே வெறும் தளம். சுற்றிலும் ஒரு மரம் கிடையாது. சித்திரையில் சுவரைத் தொட்டால் கை சுடும்.

அந்த வீட்டுக்குப் போன சில ஆண்டுகளில் அண்ணிக்கு மூச்சிரைப்பு தொடங்கியது. நுரையீரல் தழும்பேறிச் சுருங்கி வருகிறது, முற்றிலும் குணமாக்க முடியாது, ஆனால் வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொண்டால் நன்றாக வாழலாம் என்று மருத்துவர் சொன்னார். அண்ணன் மகன் ஒரு மிஷின் வாங்கி அனுப்பினான். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் மிஷின் அது. பகலிலும் இரவிலும் பெரும்பாலான நேரம் ஓட வேண்டும். கரண்ட் இல்லாவிட்டால் ஓடாது. அதற்கென்று ஒரு சிலிண்டரும் கட்டிலுக்கு அருகில் நின்றது.

ஒருநாள் பேருந்து பழுதாகி நின்றுவிட, அண்ணன் மதியமே வீடு திரும்பியிருக்கிறார். மிஷின் சத்தம் கேட்கவில்லை. கரண்ட் போய்விட்டதோ என்று பதறி உள்ளே போனால், மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. அண்ணி மூக்கில் குழாயோடு, உதடு கறுத்து, கட்டிலில் சாய்ந்திருக்கிறார். சுவிட்ச் அணைந்திருக்கிறது.

"இன்னா பண்ணிவெச்சிருக்க?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் மிஷினைப் போட்டாராம்.

"மீட்டரப் பாத்தங்க. அது பாட்டுக்கு ஓடுது. செத்த நேரம் நிறுத்தி வெச்சா இன்னா ஆவப்போவுது? நீங்க நின்னுக்கிட்டே சம்பாரிக்கிறது" என்றார் அண்ணி.

தினமும் அண்ணன் வேலைக்குப் போனதும் அண்ணி இப்படித்தான் செய்துவந்தார் என்பது அன்று தெரிந்தது. அண்ணன் திட்டவில்லை. அண்ணியின் நிறம் திரும்பும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் எனக்குப் போன் செய்தார். அவர் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"பாப்பா, மிஷின நிறுத்தாதன்னு நான் சொன்னா அவ கேக்கமாட்டா. நான் அந்தாண்ட போனதும் நிறுத்துவா. வூட்டுல மத்தது எல்லாம் எவ்ளோ குடிக்குதுன்னு பாக்கப்போறேன். அத நிறுத்திட்டா, இத நிறுத்த வேண்டியதில்ல."

அண்ணனுக்கு மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. முதலில் செய்தது ஏமாந்ததுதான். கடைத்தெருவில் ஒருவர் கூவி விற்ற சின்னப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து பிளக்கில் சொருகினார். அதைச் சொருகினால் பில் பாதியாகிவிடும் என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. மறு பில் வந்தபோது ஒரு மாற்றமும் இல்லை. "அந்த பச்ச லைட்டுக்கும் சேத்து நாமதான் கட்டியிருக்கோம்" என்று அண்ணி சொல்லி, மூச்சிரைக்க இரைக்கச் சிரித்தாராம். நெடுநாள் கழித்து அண்ணி அப்படிச் சிரித்ததற்காகவே அந்தப் பெட்டி வாங்கியது தகும் என்று அண்ணன் என்னிடம் சொன்னார்.

பிறகு அவருடைய பேருந்தில் தினமும் வரும் ஒயரிங் வேலைக்காரர் ஒருவரிடம் கேட்டார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, மிஷினைத் தவிர வீட்டில் உள்ள எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாகப் போடச் சொல்லி, மீட்டர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று இருவரும் பார்த்தார்கள். ஃபிரிட்ஜைப் போட்டதும் அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. கதவின் ரப்பர் ஓரிடத்தில் பிய்ந்து, உள்ளிருந்த குளிர் வெளியே போய்க்கொண்டிருந்தது. கழிப்பறைத் தொட்டியிலிருந்து சத்தமில்லாமல் தண்ணீர் ஒழுகியதால், மேல்தொட்டி காலியாகிக் காலியாகி, மோட்டாரை அடிக்கடி போட வேண்டியிருந்தது. குழல்விளக்குகளும் ஃபேன்களும் பழையவை.

அண்ணன் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றவில்லை. அதற்கு வசதியும் இல்லை. முதலில் ஒழுகலை அடைத்தார். ஃபிரிட்ஜுக்குப் புது ரப்பர் போட்டு, சுவரை ஒட்டி நின்றதைக் காற்றுப் போகும்படி தள்ளி வைத்தார். பழைய விளக்குகள் ஒவ்வொன்றாகப் போய் எல்இடி வந்தது. கரண்டைக் குறைவாக இழுக்கும் புது வகை ஃபேன் முதலில் அண்ணியின் அறையில் மட்டும் சுற்றியது. அண்ணிக்கு வெந்நீரில்தான் குளிக்க வேண்டும் என்பதால், ஒரு டிரம்முக்குக் கறுப்பு அடித்து மொட்டைமாடியில் வெயிலில் வைத்தார். மதியத்துக்குள் தண்ணீர் பதமாகச் சுட்டுவிடும். ஹீட்டர் பரணுக்கு ஏறியது.

மிச்சமிருந்தது தளம். வெயில் இறங்கி அண்ணியின் அறை அடுப்பாக இருந்தது. அவரால் வேர்த்துக்கொண்டும் மூச்சுவிட்டுக்கொண்டும் இருக்க முடியவில்லை. ஏசி போடலாம் என்று மகன் சொன்னான். "ஏசி போட்டா அவ மறுபடியும் மீட்டர்கிட்டப் போய் நிப்பா" என்று அண்ணன் மறுத்துவிட்டார். கோடை தொடங்கும் முன்பே தளம் முழுக்க அவரே சுண்ணாம்பு அடித்தார். வெயிலை அது நன்றாகவே தடுத்தது. ஆனால் ஐப்பசி மழை வந்ததும் மொத்தமும் கரைந்து தெருவில் ஓடியது. "வெளிய போய்ப் பாருங்க, தெருவெல்லாம் மோரா ஓடுது" என்றார் அண்ணி.

அடுத்த வருடம் ஒரு டைல்ஸ் கடைக்காரரிடம் போய், உடைந்து ஒதுக்கிய வெள்ளைத் துண்டுகளைக் கேட்டார். எடுத்துப் போனால் போதும் என்று அவர் கொடுத்துவிட்டார். அண்ணன் வார விடுமுறைகளில் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்தார். கொத்தனார் ஒருவரோடு சேர்ந்து, தானே குந்தி, துண்டு துண்டாகப் பதித்தார். நானும் என் வீட்டுக்காரரும் போய் ஒருநாள் கலவை எடுத்துக் கொடுத்தோம். அண்ணனின் முட்டி தேய்ந்து சிவந்திருந்தது. மேற்குப் பக்க ஜன்னலுக்கு வெளியே கீற்றுத் தட்டி ஒன்றும் கட்டினார். அந்தக் கோடையில் வெளியிலிருந்து அண்ணியின் அறைக்குள் நுழைந்தபோது எனக்கே வித்தியாசம் தெரிந்தது. அண்ணி மதியத்தில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

பில் வந்தபோது நான் அங்கிருந்தேன். மிஷின் வருவதற்கு முன்பு கட்டியதைவிடச் சற்றுத்தான் கூடுதல். அண்ணி நம்பவில்லை.

"மிஷின் ஓடியுமா?"

"ஓடியுந்தான். ஃபேனு, லைட்டு, மோட்டாரு, ஃபிரிட்ஜு எல்லாம் தள்ளிக் குந்தி உனக்கு எடம் வுட்டுருக்கு. நீ நல்லா ஒக்காந்துட்டு வா" என்றார் அண்ணன்.

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு அவர் அந்தச் சுவிட்சைத் தொட்டதில்லை.

அதோடு அண்ணன் நிற்கவில்லை என்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். எந்த உறவினர் வீட்டுக்குப் போனாலும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து, காற்றுப் போக இடமிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். ஒரு தாளை ஃபிரிட்ஜ் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, இழுத்துப் பார்ப்பார். தாள் லேசாக வந்துவிட்டால் அடுத்த வாரம் ரப்பரோடு வருவார். "மச்சான் வந்தா எல போட்டுக் கூப்புடணும். சும்மா குந்துங்கன்னா மோட்டார் ரூமுக்குப் போயிடுவாரு" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கிண்டல் செய்தவர்கள் உண்டு. அண்ணன் அதற்கெல்லாம் கோபப்பட்டதில்லை. எங்கள் காட்டுமன்னார்கோயில் வீட்டுத் தளத்திலும் இன்று வெள்ளை டைல்ஸ் துண்டுகள்தான். அவர் பதித்ததில் சில கோணலாக இருக்கின்றன. மாற்ற மனம் வரவில்லை.

எல்லோரும் அண்ணியை நினைத்துத்தான் பயந்தோம். அண்ணனுக்கு ஒன்று வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சென்ற ஆண்டு ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். சிதம்பரத்தில் காட்டி, அங்கிருந்து கடலூருக்கு அழைத்துப் போனோம். இதயம் மிகவும் பலவீனமாகிவிட்டது என்றார்கள். படுக்கையில் கிடந்தபடியே, "அவகூட யாரு இருக்கா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணியை அவ்வளவு தூரம் அழைத்து வரலாமா என்று நாங்கள் தயங்கினோம். அண்ணி கேட்கவில்லை. அண்ணன் மகன் சிறிய சிலிண்டரைக் காரில் வைத்து அம்மாவை அழைத்து வந்தான். சக்கர நாற்காலியில், மூக்கில் குழாயோடு அண்ணி உள்ளே வந்தார். கட்டிலில் அண்ணனும் ஆக்சிஜன் மாஸ்க் போட்டுப் படுத்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இப்ப தெரியுதா, எப்புடி இருக்கும்னு?" என்றார் அண்ணி.

அண்ணன் மாஸ்க்கைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, "காத்து நல்லாத்தான் இருக்கு" என்றார். இருவரும் சிரித்தார்கள். அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பார்வை நேரம் முடிந்தது என்று நர்ஸம்மா வந்து சொன்னார். பிறகு அவரே, "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் விடியும்போது அண்ணன் உயிர் அமைதியாகப் பிரிந்தது.

ஓசூருக்கு வந்துவிடும்படி மகன் அழைத்தான். "அங்க குளிரு. எனக்கு இந்த வூடுதான் தோது" என்று அண்ணி சொல்லிவிட்டார். மாதத்தில் பாதி நாள் மகன் சிதம்பரம் வீட்டுக்கு வந்து, அங்கிருந்தே வேலை பார்க்கிறான். மீதி நாள் நான் போய் இருக்கிறேன். அண்ணி நன்றாக இருக்கிறார்.

அண்ணனைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. கேட்ட பொழுதெல்லாம் வந்து நின்ற ஒயரிங் அண்ணாச்சிக்கும், டைல்ஸ் கடைக்காரருக்கும், அண்ணனோடு அத்தனை ஆண்டுகள் வண்டி ஓட்டி, இறுதி ஊர்வலத்திலும் அழுதபடி ஓட்டிய ஓட்டுநருக்கும், நாங்கள் மருத்துவமனையில் இருந்தபோது அண்ணிக்குச் சோறு கொடுத்துத் துணைக்கும் படுத்த பக்கத்து வீட்டாருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

இதை எழுதி முடித்து அண்ணியிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். கடைசியில், "நல்லாத்தான் எழுதியிருக்க பாப்பா. ஆனா படிக்கிறவங்க அவரக் கையிறுக்கம்னு நெனச்சுக்கப்போறாங்க. எனக்குன்னா கணக்கே பாக்காதவருன்னு அதுலயே ஒரு வரி எழுதிடு" என்றார்.

அண்ணி சொன்னபடியே எழுதிவிட்டேன்.

அன்புத் தங்கை,
காட்டுமன்னார்கோயில்.