உடைத்துப் பார்க்கும் முன்

உடன்குடியில் பேச்சித்தாய் கருப்பட்டிக் கடை வைத்திருக்கிறாள். எதையும் ஏன், எதற்கு என்று கேட்காமல் விடமாட்டாள். வயிற்றுவலிக்குத் தூத்துக்குடி போனபோதும் டாக்டரிடம் எல்லாம் கேட்டுவிட்டு, உள்ளே கேமரா விட்டுப் பார்க்க மட்டும்தான் சம்மதித்தாள். மயக்கம் தெளிந்தபோது கர்ப்பப்பையையே எடுத்திருந்தார்கள். கட்டி இருந்ததாம், வெளியே நின்ற கணவன் சுடலைக்கண்ணு கையெழுத்துப் போட்டானாம்.

"ஏளா, வலி போயிட்டுல்லா, பொறவு என்ன?" என்றது ஊர். ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடும். யாரைக் கேட்டு எடுத்தார்கள் என்பது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. கணவனையும் இழுத்துக்கொண்டு தூத்துக்குடி மில்லர்புரத்தில் இருக்கும் வக்கீல் ஜெயபிரியாவைப் போய்ப் பார்த்தாள்.

"அப்ப உயிருக்கு ஆபத்து இருந்துச்சா?" என்று கேட்டார் வக்கீல்.

"இல்லன்னு டாக்டரே சொன்னாரும்மா."

"அப்படின்னா நீங்க கண் முழிக்கிறவரைக்கும் பொறுத்து, உங்ககிட்டதான் கேட்டிருக்கணும். நுகர்வோர் கோர்ட்டுல கேஸ் போடலாம்."

"புருசன் கையெழுத்து செல்லாதோ?" சுடலைக்கண்ணுக்கு ரோசம் வந்துவிட்டது.

"நீங்க போட்டா அது அவங்க சம்மதம் ஆகாதுங்க."

இருவரும் ஊர் திரும்பினார்கள். கடையைத் திறந்ததும் ஒருவர் வந்து ஒரு கருப்பட்டியைக் கையில் எடுத்தார். உடைத்துப் பார்த்தால்தான் நல்ல சரக்கா என்று தெரியும்.

"அண்ணாச்சி, உடைச்சுப் பாக்கட்டுமா?"

"அவகிட்ட கேளுங்க, சரக்கு அவளுக்குள்ளது," என்றான் சுடலைக்கண்ணு, வழக்கம்போல.

பேச்சித்தாய் அவனையே பார்த்தாள்.

"கருப்பட்டிய உடைக்க மட்டும் என்னயக் கேக்கணும்னு ஒங்களுக்குத் தெரியுது."