நடராசன் கொண்டுவந்த ஐஸ் டப்பா

உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டபோது, "ஐஸ் டப்பாவ விட்டுராம எழுதுங்க" என்றார் நடராசன். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தஞ்சாவூரில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதம் நடராசன் வந்தார். ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயி. சொந்தமாக இரண்டு ஏக்கர், குத்தகைக்கு இரண்டு ஏக்கர், மூன்று கறவை மாடு. கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. மனைவி பிரகதீஸ்வரிக்கு மூன்று ஊர்களில் பரிசோதனை நடந்திருந்தது; நடராசனுக்கு ஒன்றுகூட நடந்ததில்லை. நாத்தனாரின் வளைகாப்பில் வளையல் போட எழுந்த பிரகதீஸ்வரியை மாமியார் கையைப் பிடித்து உட்கார வைத்ததும், நடராசனுக்கு வேறு பெண் பார்க்கும் பேச்சு தொடங்கியதும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

விந்துப் பரிசோதனைக்கு மையத்திலேயே தனி அறை உண்டு. ஆனால் அதன் கதவு, காத்திருப்பவர்களின் நாற்காலிகளுக்கு நேர் எதிரே இருக்கிறது. முதல் நாள் வந்த நடராசன், அங்கே தன் ஊர் உரக்கடைக்காரர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டார். வீட்டில் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் போதும் என்று டாக்டர் டப்பா கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலை, மஞ்சள் பையிலிருந்து அதை எடுத்து என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். கையுறை வழியாகவும் சில்லென்று இருந்தது. பஸ் காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். உண்மையில் நினைத்தேனா, கேட்கக் கூச்சப்பட்டேனா? படிவத்தில் 'எப்படிக் கொண்டுவரப்பட்டது' என்று ஒரு கட்டம் உண்டு. அண்ணன் வயதுள்ள ஒருவரிடம் அதைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. 'சரியான முறையில்' என்று நானே டிக் அடித்தேன்.

நுண்ணோக்கியில் ஒன்றுகூட அசையவில்லை. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

"இதுல ஒன்னும் உசுரோட இல்லைன்னா போட்டிருக்கு?"

"ஆமாங்க. டாக்டர் இன்னைக்கி லீவு. திங்கக்கிழமை வந்து பாருங்க."

தலையாட்டிவிட்டுப் போனார். மத்தியானம், துப்புரவு வேலை பார்க்கும் விண்ணரசி அக்காவின் குரல் கேட்டது.

"யாரு இது, லேப் வாசல்ல மீன் டப்பாவ மறந்துட்டுப் போனது? பெஞ்சுக்கு அடியெல்லாம் தண்ணி!"

போய்ப் பார்த்தேன். அதே மஞ்சள் பை. உள்ளே தெர்மாக்கோல் டப்பா, பாதி கரைந்த ஐஸ், நடுவில் எங்கள் டப்பா உட்கார்ந்திருந்த குழி. ஐஸில் வைத்தால் விந்தணு அசைவற்றுப்போகும். கெடுத்தது ஐஸ், கேட்காமல் அவர் பேரில் எழுதியது நான். உடனே போன் செய்தேன்.

"அண்ணே, அதை ஐஸ்ல வச்சா கொண்டாந்தீங்க?"

"ஆமாங்க மேடம். மாட்டுக்குச் சினை ஊசி போட வர்றவரு, பொகையப் பொகைய சில்லுன்னு உருளையிலதானே கொண்டாருவாரு? அதான் மீன்காரர்ட்ட ஐஸ் வாங்கி…"

"தப்பு என்மேலதாண்ணே. நான் கேட்டிருக்கணும். அந்த ரிப்போர்ட் செல்லாது. மறுபடி எடுக்கணும்."

"வீட்டுல சொல்லிட்டேனே" என்றார்.

அம்மா, தங்கை, மச்சான் எல்லாரும் இருக்கும்போது சொல்லியிருக்கிறார்: "கொற எனக்குத்தான். இனி அவள யாரும் ஒரு வார்த்தை சொல்லப்படாது." அம்மா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாராம். பிரகதீஸ்வரி கொல்லைப்புறம் போய் அழுதாராம்.

திட்டப்போகிறார், வேலை போகப்போகிறது என்று காத்திருந்தேன். போனில் சிரிப்புச் சத்தம் வந்தது. "அப்ப கொன்னது நான் இல்ல, மீன்காரருங்கிறீங்க."

நடந்ததை டாக்டரிடம் நானே சொன்னேன். அவர் திட்டியது நியாயம்தான். இரண்டாவது முறை நடராசன் மையத்துக்கே வந்தார், பிரகதீஸ்வரியோடு.

"நீங்க உள்ள போங்க. தெரிஞ்சவங்க வந்தா நான் மயக்கம் போட்டு விழுந்துடுறேன். எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க" என்றார் பிரகதீஸ்வரி.

விழ வேண்டியிருக்கவில்லை. எண்ணிக்கை மிகக் குறைவு, ஆனால் அசைந்தன. ஒரு முட்டைக்கு ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் உள்ளே செலுத்தும் முறை இருக்கிறது என்று டாக்டர் விளக்கினார்.

"ஒத்தை நாத்து நடவு மாதிரிங்களா?"

நடராசன் கேட்டது டாக்டருக்குப் புரியவில்லை. குத்துக்கு ஒரே நாற்றாக அப்பாவோடு நட்டுப் பழகிய எனக்குப் புரிந்தது.

புது அறிக்கையை நீட்டினேன். நடராசன் அதை வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. "இங்கயே ஃபைல்ல இருக்கட்டும். உசுரு இருக்குன்னு தெரிஞ்சா பேச்சு மறுபடி அவமேல திரும்பிடும்." என் தவறு அந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு வேலியாக நின்றது. அதை நினைத்து நான் ஆறுதல் அடையலாமா என்று இன்னும் தெரியவில்லை.

அந்த முறையில் உருவான முதல் கரு தங்கவில்லை. அவர்களுக்காக இன்னொரு கருவை உறைய வைத்திருந்தோம். அதை எடுக்க நான் திரவ நைட்ரஜன் உருளையைத் திறந்தபோது வெள்ளைப் புகை எழுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற நடராசன் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"எங்க ஊரு சினை ஊசிக்காரரு உருளையேதான்! நான் வச்சா தப்பு, நீங்க வச்சா வைத்தியமா?"

கெடாமலிருக்க ஒரு மருந்தில் நனைத்து, ஒரு நொடியில் உறைய வைக்க வேண்டும் என்றேன். "அது மீன்காரர்ட்ட இல்லையே" என்றார்.

அந்தக் கரு தங்கியது.

போன மாதம் வளைகாப்பு; என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நடராசனின் அம்மா வந்தவர்களிடமெல்லாம், "கொற எம் மவனுக்குத்தான். இவ பொறுமைக்குத்தான் இந்தப் புள்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தெருவில் குழந்தையில்லாத சாவித்திரி அக்கா பின்வரிசையில் நின்றார். "அக்கா, நீங்க வந்து போடுங்க" என்று பிரகதீஸ்வரி கூப்பிட்டார். கூட்டம் மாமியாரைப் பார்த்தது. அவர் வளையல் தட்டை எடுத்து சாவித்திரி அக்கா பக்கம் நீட்டினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடராசன் என்மேல் ஒரு புகார் எழுதியிருந்தால் இதையெல்லாம் பார்க்க நான் அந்த வேலையில் இருந்திருக்க மாட்டேன். இப்போது யார் டப்பாவை நீட்டினாலும் முகத்தைப் பார்த்து, எப்படிக் கொண்டுவந்தீங்க என்று கேட்கிறேன். பதில் வந்த பிறகுதான் பேனாவை எடுக்கிறேன்.

பந்தியில் நடராசன் மோர் ஊற்றிக்கொண்டு வந்தார். என் டம்ளருக்கு வந்ததும் நின்றார்.

"ஐஸ் போடட்டுமா தங்கச்சி?"