முறிகண்டியில் நின்ற லொறி

டீசல் தட்டுப்பாடு வந்ததும், நின்று புறப்பட்டால் டீசல் கூடச் செலவாகும் என்று, வழக்கமாக நிறுத்தித் தேங்காய் உடைத்துப் போகும் லொறிக்காரர்கள் முறிகண்டிப் பிள்ளையாருக்கு லொறியை ஓட்டிக்கொண்டே சில்லறை எறிந்தார்கள்.

"சாமியிட்டையுமோ மிச்சம் பிடிக்கிறியள்?" என்று ஏசினார் அக்கராயன் ஊர் லொறிக்காரர் சபாநாதன். ஏசிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பழைய உழவு இயந்திரத்தின் எண்ணெய்ப் பம்பைக் கழற்றித் தன் லொறியின் சக்கரச் சில்லோடு பூட்டினார். பிரேக் பிடித்தால் சில்லு பம்பைச் சுற்றும். பம்பு எண்ணெயை இரும்புக் குடுவைக்குள் தள்ளி, அங்கே அடைத்திருந்த வாயுவை நெரிக்கும்.

நெல் மூட்டைகளோடு கோயிலடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்தார். திரும்பி ஏறியவர் எஞ்சினைத் தொடாமல் குடுவையின் வால்வைத் திறந்துவிட்டார். நெரிபட்ட வாயு எண்ணெயைத் திருப்பித் தள்ள, எண்ணெய் பம்பைச் சுற்ற, பம்பு சில்லைச் சுற்ற, பாரத்தோடு லொறி சத்தமின்றி நகர்ந்தது.

பக்கத்தில் இருந்த மனைவி இலட்சுமி கும்பிட்டார். "பிள்ளையார் தள்ளுறாரப்பா!"

"ஓம். நிண்டவைக்குத்தான் தள்ளுவார்."